வடசென்னைச் சுவர்களும் வடசென்னை ஓவியர்களும்: மேயர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மாண்புமிகு மேயர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

சிங்காரச் சென்னை 2.0 திட்டம் 2021இல் தொடங்கியது முதல் நகரின் மேம்பாலத் தூண்களும் சுற்றுச்சுவர்களும் வண்ணம் பெற்று வருகின்றன. சுவரொட்டிகளால் மூடிக் கிடந்த பரப்புகளைத் துலக்கியெடுத்த அம்முயற்சி பாராட்டுக்குரியது. ஆயினும் அப்பணி ராயபுரம், வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்பு, வியாசர்பாடி ஆகிய பகுதிகளில் விரிவடையும்போது, சுவரில் தீட்டப்படுவது எது என்பதோடு, அதைத் தீர்மானிப்பவர் யார், தீட்டுபவர் யார், அதற்கான ஊதியம் எவர் கைக்குச் சேருகிறது என்னும் கேள்விகளும் எழுப்பப்பட்டாக வேண்டும் என்பதால் இம்மடல் எழுதப்படுகிறது.

காட்சிக்கூடத்தின் வாசலைத் தாண்டாமலேயே, வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் செல்லும் எவரும் வழியில் எதிர்கொள்ளும்படி அமைக்கப்படும் ஓவியம், சிற்பம், நிகழ்த்துகலை ஆகியவற்றைப் பொதுக்கலை எனலாம். சென்னைக்கு இது புதிதன்று. 1850இல் தொடங்கப்பட்டு இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்கும் ஓவியப் பள்ளியை நெடுங்காலம் வழிநடத்திய தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை, 1959 முதல் மெரினாவில் நின்று உழைப்பவரின் உடலையே நகரின் அடையாளமாக்கியிருக்கிறது. ஆனால் அந்த உழைப்பின் வரலாறு பெரிதும் நிகழ்ந்த இடம் வடசென்னையே. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. மக்கள் பின்னி மில் என்று வழங்கிய பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களைக் கொண்டு 1918இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கமாக மதிக்கப்படுகிறது. இந்நினைவுகள் அவை விளைந்த தெருக்களிலேயே உருவம் பெற வேண்டும் என்பது மிகையான வேண்டுகோள் ஆகாது.

அவற்றுக்கு உருவம் தரக்கூடிய கைகளை வெளியூரில் தேட வேண்டியதில்லை. சினிமாவுக்கும் அரசியல் கட்சிகளுக்கும் வரைந்து வந்த பேனர் ஓவியர்கள், கடைப் பெயர்ப்பலகை எழுதுவோர், வண்டிகளில் எழுத்தும் படமும் தீட்டுவோர் எனச் சுவரளவுக் கலையில் பழகிய ஒரு தலைமுறை இந்நகரில் இருக்கிறது. பேனர் வேலை என்பது எளிதான ஒன்றன்று. மரச்சட்டத்தில் காடாத் துணியை இழுத்து ஆணியடித்து, அதன்மேல் வெள்ளை அடிப்பூச்சு ஏற்றி, கையளவுப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பன்மடங்கு பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அடங்கும் கோட்டை மட்டும் பார்த்து முகத்தைக் கட்டியெழுப்ப வேண்டும். சாரத்தில் நிற்பவருக்கு அருகில் வெறும் வண்ணத் திட்டுகளாகத் தெரிவது, சாலையின் மறுபுறத்திலிருந்து பார்ப்பவருக்குக் கண்ணும் மூக்குமாகக் கூடிவர வேண்டும். கன்னத்தில் ஊதாவும் நெற்றியில் பச்சையும் துணிந்து வைத்த அந்த வண்ண அறிவு, 2000க்குப் பின் ஃப்ளெக்ஸ் எனப்படும் டிஜிட்டல் அச்சுப் பதாகை பரவியபோது, ஒரு சில ஆண்டுகளிலேயே வேலையற்றுப் போயிற்று. மாநகராட்சியே 2009ஐ ஒட்டிய ஆண்டுகளில் அண்ணா சாலை உள்ளிட்ட சாலைகளின் சுவர்களில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளைத் தீட்டப் பேனர் ஓவியர்களை அமர்த்தியது என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. அது நல்ல தொடக்கம்; தொடர் ஏற்பாடாக உருப்பெறாமல் போனதே குறை.

2020இல் கண்ணகி நகரில் நிகழ்ந்ததும் கருதத் தக்கது. ஆற்றோரங்களிலிருந்தும் நகரின் உட்பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களுக்கான அம்மறுகுடியமர்வுப் பகுதியில், ஸ்டார்ட் இந்தியா என்னும் அமைப்பு இந்தியாவின் பல நகரங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஓவியர்களை வரவழைத்து, அடுக்குமாடிச் சுவர்களில் பெரும் ஓவியங்களைத் தீட்டச் செய்தது. அப்பகுதிச் சிறுமியரின் முகங்களே ஒரு சுவரை நிறைத்தன. பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கப்பட்ட ஓரிடத்தை மக்கள் தேடி வந்து பார்க்கும்படி செய்த அப்பணியின் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆனால் வந்த ஓவியர்கள் திரும்பிச் சென்ற பின் தூரிகை பிடிக்கக் கற்ற இளைஞர் சிலரேனும் அங்கேயே நிலைபெற்றால்தான் அத்தகைய முயற்சி வேர்பிடிக்கும். வடசென்னையில் முதல் நாளிலிருந்தே இதற்கு வழிசெய்ய இயலும்: ஒவ்வொரு பெரிய சுவருக்கும் மூத்த பேனர் ஓவியர் ஒருவரும், கவின் கலைக் கல்லூரி மாணவர் ஒருவரும், அத்தெருவின் இளையோர் இருவரும் கொண்ட குழுவை நியமித்து, நால்வருக்கும் ஊதியம் வழங்கலாம்.

பணம் எங்கிருந்து வரும் என்னும் கேள்விக்கும் முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 1959இலேயே, பொதுக் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டைக் கலைக்கு ஒதுக்கும் விதியை இயற்றியது. பிற நகரங்கள் பலவும் அவ்வழியைப் பின்பற்றின. 2023-24 நிதிநிலை அறிக்கையில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 3 ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என அறிவிக்கப்பட்டது. அதன் ஒரு விழுக்காடு 10 கோடி ரூபாய். அதில் பாதியேனும் தொடக்கத்திலேயே தனித் தலைப்பில் ஒதுக்கப்பட்டால், ஓவியப் பணி கட்டட ஒப்பந்தத்தின் கடைசி வரியாகச் சுருங்கி, சுண்ணாம்பு அடிப்பதைப் போலச் சதுர அடிக் கணக்கில் குறைந்த விலைப்புள்ளிக்குப் போகும் நிலை தவிர்க்கப்படும். கலைஞரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் கட்டட ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் ஒன்றாக இருக்க முடியாது.

சுவரில் வரவேண்டியது எது என்பதைத் தீர்மானிக்கப் புதிய அமைப்பும் தேவையில்லை. வார்டு குழுக்களுக்கும், அவற்றின் கீழ் மக்கள் நேரில் பேசும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டு, 2022 முதல் அச்சபைகள் கூடுகின்றன. கானா, குத்துச்சண்டை, கேரம், கால்பந்து, ஆலைச் சங்கு, துறைமுகக் கூலி என அங்கே கூடும் மக்கள் எதைச் சொன்னாலும் அது அப்பகுதியின் சொந்தக் கதையாக இருக்கும். கானாப் பாடகர்களும் வடசென்னையின் கலைஞர்களே ஆதலின், ஓவியம் திறக்கப்படும் நாளில் அவர்களுக்கு ஊதியத்துடன் மேடை தருவது முறையாகும்.

பராமரிப்பு பற்றியும் ஒரு சொல். ராயபுரம், காசிமேடு போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று ஒருபுறமும், தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரமாகிய ஓதம் மறுபுறமும் தாக்குவதால், பூச்சின்மேல் வெள்ளையாக உப்புப் பூத்து, வண்ணம் செதில் செதிலாக உரிகிறது. ஆகவே பழைய பூச்சைச் சுரண்டி, விரிசல் அடைத்து, ஓதம் தடுக்கும் அடிப்பூச்சு இட்ட பிறகே சுவர் ஓவியரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். மழைக்காலம் கழிந்து பழுது பார்க்கும் பணியும் அவருக்கே வழங்கப்பட வேண்டும்.

இறுதியாக, உரிமை. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் பெயர்த்தெடுக்கப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் அவர் பக்கம் தீர்ப்பளித்து, எஞ்சிய பகுதிகளைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பு விற்கப்பட்ட பின்னும் அதன் சிதைவைத் தடுக்கும் உரிமையைக் கலைஞருக்கு அளிக்கிறது. எனவே ஒவ்வொரு ஓவியத்தின் அடியிலும் தீட்டியவரின் பெயர் எழுதப்பட வேண்டும். அதை அழிக்கவோ மேற்பூசவோ நேர்ந்தால் அவருக்கு முன்கூட்டியே அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும்.

நிதி ஒதுக்கீடு, பகுதி சபையின் ஒப்புதல், உள்ளூர் ஓவியர் பட்டியல், பெயர் உரிமை ஆகிய நான்கையும் ஒரே தீர்மானமாக மாமன்றத்தின் அடுத்த கூட்டத்தில் முன்வைத்து, முதல் சுவரை ராயபுரம் ரயில் நிலையத்தின் சுற்றுப்புறத்திலேயே தெரிவு செய்யுமாறு மேயர் அவர்களை இம்மடல் வேண்டிக் கேட்டுக்கொள்கிறது.