கையைப் பொத்தித் திறவுங்கோ

போன முறை சொன்ன சீட்டுக் கதை அடுத்த இதழில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாடியில் இருக்கிற அக்காவின் கணவர் வாகனம் மோதி ஏழு மாதமாகப் படுக்கையில். இப்போது கோமா இல்லை. கண் திறக்கிறார், மூடுகிறார். ஆனால் கூப்பிட்டால் திரும்பமாட்டார், கையைப் பிடித்தால் இறுக்கமாட்டார். அக்காவுக்கு ஒரே கேள்விதான்: "தம்பி, நான் கதைக்கிறது இவருக்குக் கேட்குதோ?" மொழிபெயர்ப்புக்குப் போன நான் என்ன சொல்ல?

வைத்தியர், ஈ.ஈ.ஜி. வைத்துப் பார்ப்போம் என்றார். தலையில் வயர்த் தொப்பியை மாட்டி மூளையின் மின்சாரத்தைப் பதிவது. பழைய வித்தைதான். இதே ஜேர்மனியில், யேனா நகரில், ஹான்ஸ் பேர்கர் என்ற வைத்தியர் 1924இல் மனிதரில் முதன்முதல் பதிந்து 1929இல் வெளியிட்டார். வருவது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பத்துப் பங்குதான். பல்லைக் கடித்தாலே அதைவிடப் பெரிய கோடு விழுமாம்.

புதிது, கேட்கிற முறை. "வலது கையைப் பொத்தித் திறவுங்கள்" என்பார்கள். பிறகு "நிறுத்துங்கள்" என்பார்கள். கை அசையாது. ஆனால் இரண்டு நேரமும் மூளை அலை வேறுபடுகிறதா என்று கணினி பார்க்கும். 2024இல் சில நாட்டு வைத்தியசாலைகள் சேர்ந்து, ஸ்கானாலும் ஈ.ஈ.ஜி.யாலும் பார்த்த முடிவை வெளியிட்டன. சொல்லுக்கு அசையாத 241 பேரில் 60 பேரின் மூளை சொன்னதைச் செய்திருக்கிறது. நாலு பேரில் ஒருவர்!

எங்களுக்கு வந்த சிக்கல் வேறு. ஒலிபெருக்கியில் போட்ட குரல் டொச்சில். அண்ணை பத்து வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் நின்றவர். அவருடைய டொச் 'குட்டன் மோர்கன்' தாண்டாது. பயந்து பயந்துதான் சொன்னேன், இது இவருக்கு விளங்காது என்று. வைத்தியர் கொஞ்சம் யோசித்துவிட்டு என்னை ஒரு அறையில் இருத்தித் தமிழில் பதிந்தார். "வலக்கையைப் பொத்திப் பொத்தித் திறவுங்கோ அண்ணை." அந்த 'அண்ணை'யைச் சேர்த்தது பிழையோ என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அலை மாறவில்லை. அக்கா கதிரையில் இருந்துவிட்டா.

அதன் பிறகு வைத்தியர் சொன்னதை அவவுக்கு இரண்டு தரம் மொழிபெயர்த்தேன். அதே ஆய்வில், சொன்னால் உண்மையாகவே செய்துகாட்டக்கூடிய 112 பேரையும் சோதித்தார்கள். அவர்களிலேயே 43 பேரின் மூளையில்தான் அது தெரிந்தது. ஆகவே அலை மாறினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று நம்பலாம். மாறாவிட்டால் இல்லை என்று சொல்ல ஏலாது. அந்த நேரம் நித்திரையாகவும் இருந்திருக்கலாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது படுத்திருந்தால், அவருக்கு எந்த மொழி விளங்கும், எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று வைத்தியரிடம் முன்னமே சொல்லுங்கள். தாங்களாகக் கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

வியாழக்கிழமை திரும்பவும் தொப்பி மாட்டப்போகிறார்கள். இந்த முறை அக்காவின் குரல்.