பாலத்தை மூடினா பஞ்ச் மெஷினுக்கு என்ன?

ரொம்ப நாளாச்சு மக்கா பதிவு போட்டு. ஆணி ஜாஸ்தி. இன்னைக்குக் கொஞ்சம் கடுப்புல எழுதறேன், பொறுத்துக்கோங்க.

நமக்கு ஜாகை கூடுவாஞ்சேரி. சோறு போடறது ஒரு பல்கலைக்கழக ஆபீஸ். எதுன்னு கேக்காதீங்க, அடுத்த மாசமும் சம்பளம் வேணும் :-)

2022 பிப்ரவரியில மாமண்டூர் பக்கத்துல பாலாத்துப் பாலத்துல ரிப்பேர்னு போக்குவரத்தை மாத்திவிட்டாங்களே, ஞாபகம் இருக்கா? இருக்கறதே ரெண்டு பாலம். அதுல ஒண்ணை மூடினா ஜிஎஸ்டி ரோடு என்ன ஆகும்? மதுராந்தகம், அச்சரப்பாக்கத்துலேர்ந்து வர்ற எங்காளுங்க தவிச்சுப் போயிட்டாங்க.

அப்போ எங்க நிர்வாகம் செஞ்ச உதவி, ஒரு சர்க்குலர். "ஊழியர்கள் தகுந்த மாற்று ஏற்பாடு செய்துகொண்டு குறித்த நேரத்தில் பணிக்கு வரவும்." அவ்வளவுதான். மாற்று ஏற்பாடுன்னா என்ன, ஆத்து மணல்ல இறங்கி நடக்கறதா?

எங்க லேப் அட்டெண்டர் அண்ணன் காலையில நாலு மணிக்கு எழுந்து கிளம்புவார். அப்படியும் லேட். மூணு லேட்டுக்கு அரை நாள் லீவு கட். அதே வாரம் ஒரு பேராசிரியர் வீட்டுலேர்ந்தே ஆன்லைன்ல கிளாஸ் எடுத்தார். அவரைக் குத்தம் சொல்லலை, 2020லேயே எல்லாரும் பழகினதுதானே. ஆனா லேப்பை ஆன்லைன்ல கழுவ முடியுமா? கேட்டுலயும் மெஸ்லயும் நிக்கறவங்க எங்க போவாங்க? சலுகை மேலேயே தங்கிடுது, லேட் மார்க் மட்டும் கீழே இறங்குது.

"ரோட்டை மூடினது ஹைவேஸ், நாங்க என்ன பண்ண முடியும்?"னு கேப்பாங்க. நிறைய பண்ணலாம் சார்.

ஒண்ணு, ரோடு மூடியிருக்கற வரைக்கும் லேட் விதியை நிறுத்தி வைங்க. பத்து பைசா செலவில்லை.

ரெண்டு, செங்கல்பட்டுலேர்ந்து தாம்பரம் வரைக்கும் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டியே லோக்கல் ட்ரெயின் ஓடுது. பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்களை சீக்கிரமா ஒரு பஸ்ல ஏத்தி செங்கல்பட்டு ஸ்டேஷன்ல விட்டா, மிச்சத்தை ட்ரெயின் பாத்துக்கும். பஸ் பாலத்துல மாட்டினா அது கம்பெனி லேட், ஆள் லேட் இல்லை.

மூணு, ராத்திரி ஷிப்டு ஆளுங்களுக்கு வளாகத்துலயே படுக்க இடம். இது ஒண்ணும் நடக்காத கதை இல்லை. 2011 ஜூலையில லாஸ் ஏஞ்சல்ஸ்ல 405 ஹைவேயை ஒரு வார இறுதிக்கு மூடினாங்க. ஊரே "கார்மகெடான்"னு பயந்துச்சு. பக்கத்துல இருக்கற யூசிஎல்ஏ, தன் ஆஸ்பத்திரி ஆளுங்களுக்கு வளாக விடுதி ரூமையே ஒதுக்குச்சு. அது ரெண்டு நாள் கூத்து, நம்மளது வாரக்கணக்குன்னு சொல்வீங்க. அப்போ நாம இன்னும் அதிகமா இல்ல யோசிக்கணும்?

அவ்வளவு தூரம் எதுக்கு? 2024 ஆகஸ்ட்ல தாம்பரம் யார்டு வேலைக்காக லோக்கல் ட்ரெயினைக் குறைச்சப்போ, மாநகரப் பேருந்துக்காரங்க கூடுதல் பஸ் விட்டாங்க. பத்துச்சா இல்லையாங்கறது வேற விஷயம், பயணி பிரச்னை தங்களோட பிரச்னைன்னு ஒத்துக்கிட்டாங்க. எங்க ஆபீஸ்ல? பழைய சர்க்குலரே திரும்ப வந்துச்சு. தேதி மட்டும் புதுசு.

எப்படித் தெரியும்ங்கறீங்களா? ரெண்டு தடவையும் அதை டைப் அடிச்சது நான்தான். ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்துக்கு வெச்சேன். கூடுவாஞ்சேரிக்காரனுக்குப் பாலம் தாண்ட வேண்டாம் பாருங்க. இன்னமும் அந்த அண்ணன் பேர் லேட் லிஸ்ட்ல வந்தா எனக்கு நிமிர்ந்து பாக்க முடியறதில்லை.

பாலம், யார்டு, மழை, பண்டிகைன்னு இந்த ரோடு இன்னும் பல தடவை அடைபடும். அடுத்த சர்க்குலர் டைப் அடிக்க வர்றப்போ "லேட் மார்க் கிடையாது"ன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லி வாயைத் திறக்கறதா இருக்கேன். நீங்களும் உங்க ஆபீஸ்ல திறங்க.

டிஸ்கி: எங்க மேலதிகாரி யாராவது இதைப் படிச்சா, நான் அவன் இல்லை :-)