இரண்டு பேர், ஒரு துண்டு

2025 ஜூலை இறுதியில் பாளையங்கோட்டையில் 27 வயது தலித் இளைஞர் ஒருவர் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். சாதி மாறிய காதலுக்காக நடந்த கொலை என்று தமிழ்நாடே பேசியது. பேசியவர்களில் பலர் இரண்டு வரி வருத்தத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த நாட்களில் ‘பரிதாபங்கள்’ யூடியூப் சேனலில் கோபியும் சுதாகரும் ‘சொசைட்டி பாவங்கள்’ என்ற காணொளியை வெளியிட்டார்கள். சாதிப் பெருமை பேசி அடுத்த வீட்டுப் பிள்ளையின் கையில் அரிவாளைத் திணிக்கிற பெரிய மனிதர்களை அது நேருக்கு நேர் கேலி செய்தது. லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். உடனே காவல்துறைக்குப் புகார்களும் போயின.

சிரிக்க வைப்பதைத் தொழிலாகக் கொண்ட இருவர், பெரிய திரை நட்சத்திரங்கள் தொடத் தயங்கும் இடத்தில் கை வைத்தார்கள். இதை ஒரு கலை நிகழ்வாகவே எடுத்துக்கொண்டு பேச வேண்டும் என்று நினைக்கிறோம்.

இவர்கள் வந்த வழி தெரிந்ததுதான். விஜய் தொலைக்காட்சி 2005இல் தொடங்கிய ‘கலக்கப் போவது யாரு’ தமிழ்நாட்டின் சிறு ஊர்களில் இருந்த நகைச்சுவைத் திறமைக்கு முதன்முறையாக ஒரு பெரிய வாசலைத் திறந்தது. அதுவரை கோயில் திருவிழா மேடையிலும் கல்லூரி ஆண்டு விழாவிலும் மிமிக்ரி செய்துகொண்டிருந்த பையன்களுக்கு, சினிமாவில் தெரிந்தவர் யாரும் இல்லாமலே வீடுவீடாகப் போய்ச் சேர முடிந்தது. கோவை குணா, சிவகார்த்திகேயன், ரோபோ சங்கர், வடிவேல் பாலாஜி எல்லோரும் அந்த மேடையில் நின்றவர்கள். கோபியும் சுதாகரும் அந்த மேடையைக் கடந்து வந்தவர்களே. அதன் பங்கைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்டதனம்.

ஆனால் அந்த மேடைக்கு ஓர் எல்லைக்கோடு இருந்தது. நடிகரின் குரலைப் போலச் செய்யலாம். நடிகரை விமர்சிக்க முடியாது. மனைவியைக் கிண்டலடிக்கலாம், கறுப்பான உடம்பை, குண்டான உடம்பை, புடவை கட்டிய ஆணைக் காட்டிக் கைதட்டல் வாங்கலாம். ஆட்சியில் இருப்பவரைத் தொட முடியாது. எதிரே அமர்ந்திருக்கும் நடுவர்கள் சிரித்தால்தான் அடுத்த சுற்று. அவர்களும் சினிமாக்காரர்கள், சேனலும் சினிமாவை நம்பி ஓடுவது. அசாத்தியமான டைமிங் உள்ள கலைஞர்கள் வாரக்கணக்கில் எளியவர்களையே கேலி செய்து தங்கள் திறமையைச் செலவழித்ததைப் பார்த்தோம். அதே சேனலில் இராம்பாலாவின் ‘லொள்ளு சபா’ மட்டும் வேறு வழியில் நடந்தது. வெற்றிப் படங்களையே பிரித்துப்போட்டு, நாயக பிம்பத்தின் அபத்தத்தைக் காட்டியது. சந்தானமும் மனோகரும் சுவாமிநாதனும் செய்த அந்தக் குறும்பு இல்லாமல் இன்றைய யூடியூப் நையாண்டி பிறந்திருக்காது என்பது எங்கள் கணிப்பு.

அடுத்த திருப்பம் கைபேசித் திரையில் நடந்தது. ‘மெட்ராஸ் சென்ட்ரல்’ சேனலில் ‘பொலிட்டிக்கல் பரிதாபங்கள்’ சூடு பிடித்த காலம், தமிழக அரசியலே தலைகீழாகப் புரண்ட காலம். 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தார். 2017 பிப்ரவரியில் ஓ. பன்னீர்செல்வம் மெரினா நினைவிடத்தில் கண்மூடி அமர்ந்தார், கூவத்தூர் விடுதிக்குள் அதிமுக சட்டமன்ற உறுப்பினர்கள் போனார்கள். மக்களிடம் ஆத்திரம் இருந்தது, அதைச் சொல்ல வடிவம் இல்லை. அந்த வடிவத்தை இந்த இருவரும் கொடுத்தார்கள். பிறகு தனியே வந்து ‘பரிதாபங்கள்’ தொடங்கினார்கள்.

அவர்களுடைய நடிப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அரங்கம் கிடையாது, ஓர் அறை, ஒரு தெரு முனை போதும். ஒரு துண்டு, ஒரு கண்ணாடி, ஒரு மீசை, அவ்வளவுதான் ஒப்பனை. ஒருவரே நாலைந்து பாத்திரமாக மாறிவிடுவார். கட்டியங்காரன் மேடைக்கு வந்து ஊர் நடப்பைச் சேர்த்துப் பேசும் தெருக்கூத்து மரபு தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், வாடகை வீடு தேடுதல், அலுவலக மேலாளர் என்று அவர்கள் எடுக்கிற களங்களில் ஆட்கள் பேசும் பேச்சு அப்படியே வந்து விழுகிறது. எழுத்தாளர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய பேச்சு அது. கொங்குத் தமிழை அதன் இழுவையோடும் குசும்போடும் திரைக்குக் கொண்டுவந்த கோவை ‘நக்கலைட்ஸ்’ குழுவுக்கும் இந்தப் பாராட்டு பொருந்தும். சினிமா இத்தனை ஆண்டுகளாகப் பெரும்பாலும் மதுரையையும் சென்னையையும்தான் பேசவிட்டது.

யூடியூப் தந்த சுதந்திரத்துக்கும் வேலி இருக்கிறது. 2024 செப்டம்பரில் திருப்பதி லட்டு சர்ச்சையை வைத்து வந்த ‘லட்டு பாவங்கள்’ சில நாட்கள்கூடத் தாங்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியது, காணொளியை நீக்கி வருத்தம் தெரிவித்தார்கள். அதன் பிறகும் புகார் விடவில்லை. அப்படி ஒருமுறை சூடுபட்டவர்கள், ஓராண்டுக்குள் சாதியைத் தொட்டார்கள் என்பதுதான் எங்களுக்கு வியப்பு.

வேலி புதிதல்ல. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை முடக்க 1954இல் நாடகக் காட்சிகள் சட்டம் வந்தது. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்துவிட்டு அனுமதிக்குக் காத்திருக்கும் நிலை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவின் ஞாநி வழக்குப் போட்டு, 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. இன்று பிரதி கேட்க யாரும் வருவதில்லை. காணொளி வந்த பிறகு புகார் வருகிறது, தொலைபேசியில் மிரட்டல் வருகிறது, விளம்பரதாரர் ஒதுங்குவார் என்ற பயம் வருகிறது. ராதாவுக்குப் பின்னால் ஓர் இயக்கம் இருந்தது. யூடியூப் கலைஞனுக்குப் பின்னால் வியூஸ் எண்ணிக்கைதான் இருக்கிறது; அது வழக்கறிஞர் வைத்துத் தராது.

நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. நவீன நாடகத்துக்கு விமர்சனம் எழுதினோம், மாற்று சினிமாவுக்கு இதழ்கள் நடத்தினோம். ஆனால் பல லட்சம் தமிழர்கள் தினமும் பார்க்கும் இந்த நிகழ்த்துகலை பற்றி ஒரு நல்ல கட்டுரை தேடினால் கிடைப்பதில்லை. பாராட்டு மட்டும் கேட்கவில்லை. பெண் பாத்திரங்களை இந்தக் காணொளிகள் இன்னும் எப்படி வரைகின்றன, விளம்பரம் உள்ளே நுழையும்போது நையாண்டியின் முனை எங்கே மழுங்குகிறது என்பதையும் யாராவது எழுத வேண்டும். ஒரு சேனல் மூடப்பட்டால் அதில் உள்ள அத்தனையும் ஒரே நாளில் போய்விடும். பிரதி எங்கும் இல்லை.

அடுத்த இதழிலிருந்து இதற்கென எட்டுப் பக்கங்கள் ஒதுக்குகிறோம். குழுக்களின் அனுமதியோடு ஒவ்வொரு இதழிலும் ஒரு காணொளியின் உரையாடல் அச்சாகும், கூடவே அதைப் பற்றிய விமர்சனமும். முதலில் ‘சொசைட்டி பாவங்கள்’ காணொளிக்கு அனுமதி கேட்டு எழுதப்போகிறோம். நெல்லை, தூத்துக்குடி மாவட்ட வாசகர்கள் தங்கள் ஊரில் அந்தக் காணொளியை யாரோடு உட்கார்ந்து பார்த்தார்கள், பார்த்த பிறகு வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்பதை எழுதி அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம்.