பாடசாலைக் கெமராவுக்கு எந்த லென்ஸ்?

எமது ஊடகக் கழகத்துக்கு லென்ஸ் ஒன்று வாங்கித் தர பழைய மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். மிக்க நன்றி. ஆனால் 'மெக்ரோ' என்று எழுதியிருக்கிறதே என்று 70-300 சூம் லென்ஸைத் தெரிவு செய்துவிட வேண்டாம். அவற்றில் பல, பொருளின் உண்மை அளவில் பாதியைக்கூடத் தாண்டாது.

விஞ்ஞானக் கண்காட்சிக்கு நுளம்புக் குடம்பியையும், பரிசளிப்பு விழாவில் பிள்ளைகளின் முகத்தையும் ஒரே லென்ஸால் எடுக்க வேண்டும். அதற்கு டெம்ரோன் 90 மி.மீ. மெக்ரோதான் சரி என்பது எங்கள் கருத்து. நிக்கோன் 40 மி.மீ. மெக்ரோ இதைவிட மலிவுதான். ஆனால் முழு அளவில் எடுக்க நாலு சென்ரிமீற்றருக்கும் கிட்டப் போக வேண்டும். கெமராவின் நிழலே விழுந்துவிடும், வண்ணாத்திப்பூச்சி இருக்குமா? கிட்டப் போய் முகத்தை எடுத்தால் மூக்குத்தான் பெரிதாகத் தெரியும்.

பாவித்த லென்ஸ் என்றாலும் சம்மதமே. பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். எங்களிடமுள்ள நிக்கோன் டி3500க்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. டெம்ரோன் 90இன் பழைய பதிப்பிலும் இல்லை, அதனால்தான் அது மலிவு. குடம்பிக்குக் கையால் ஃபோகஸ் பண்ணலாம். சான்றிதழை வாங்கிக்கொண்டு ஓடும் ஆண்டு ஒன்றுப் பிள்ளை அதுவரை நிற்குமா?

விற்க வைத்திருப்பவர்கள் இன்பொக்ஸ் வாருங்கள். மோட்டார் உள்ளதா என்பதை முதலில் எழுதுங்கள், விலையைப் பிறகு பேசலாம்.