உங்க ஈஎம்ஐ கணக்கை அடுத்தவர் கையில் கொடுக்காதீங்க

போன மாசம் தி.நகர்ல இருக்கிற என் ஆபீஸுக்கு ஒரு கிளையன்ட் வந்தார். வயசு 27, அடையாறுல வேலை, பிறவியிலேயே பார்வை கிடையாது. 5 லட்சம் பர்சனல் லோன் எடுக்கப் போறார். "வட்டி 12% தான் சார், மாசம் 18,889 ரூபாய்னு சொல்றாங்க. சரியா இருக்கா?"

"நீங்க போட்டுப் பார்க்கலையா?"ன்னு கேட்டேன். "அவங்க வெப்சைட்ல ஈஎம்ஐ கால்குலேட்டர் இருக்கு சார். ஆனா ஸ்க்ரீன் ரீடர் அதுல 'ஸ்லைடர், ஸ்லைடர்'னு மட்டும்தான் சொல்லுது. எந்த ஸ்லைடர் எதுக்குன்னே தெரியல."

அவர் லேப்டாப்பிலேயே விண்டோஸ் கால்குலேட்டரைத் திறக்கச் சொன்னேன். என்விடிஏ ஓடிக்கிட்டு இருந்தது. இது இலவச ஸ்க்ரீன் ரீடர். அது இல்லைன்னாலும் கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூணையும் சேர்த்து அழுத்தினா விண்டோஸோட சொந்த நேரேட்டர் பேச ஆரம்பிச்சிடும்.

முதல் வேலை, ஆல்ட் 2. சயின்டிஃபிக் மோடுக்குப் போயிடும். இது ஏன் முக்கியம்? ஸ்டாண்டர்ட் மோடுல 2+3×4 போட்டா 20 வரும். சயின்டிஃபிக்ல 14 வரும், அதுதான் சரி. அடைப்புக்குறியும் பவரும் இங்கேதான் இருக்கு.

அடுத்து, இதை அப்படியே டைப் பண்ணச் சொன்னேன்:

5000/(1-1.01^(0-36))

5000ங்கிறது முதல் மாச வட்டி, அதாவது 5 லட்சத்துல 1%. 1.01ங்கிறது மாச வட்டி சேர்ந்தது. 36 தவணை. என்டர் தட்டினதும் காதுல விழுந்த விடை: 16,607.

அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்போ 18,889 எப்படி சார்?"

அது ஃபிளாட் ரேட். அசல் குறையக் குறைய வட்டியும் குறையணும். இவங்க 3 வருஷமும் முழு 5 லட்சத்துக்கே வட்டி போட்டிருக்காங்க. மாசம் 2,282 ரூபாய் அதிகம், மொத்தத்துல 82,000-க்கு மேல. உண்மையான வட்டி 21%-ஐத் தாண்டுது.

என் கருத்து இதுதான். அவரை ஏமாற்ற முடிஞ்சதுக்குக் காரணம் அவர் பார்வை இல்லை. கணக்குப் போடுற வழி அவருக்கு மூடப்பட்டிருந்தது, அதுதான் காரணம். டிஜிட்டல் சேவைகள் எல்லாருக்கும் எட்டுறது வாழ்வுரிமையில ஒரு பகுதின்னு 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. ஒரு ஸ்லைடருக்குப் பேர் வைக்கிறது பெரிய செலவு இல்லை. வைக்காம விடுறது அலட்சியம்.

சரி, கண் நல்லா தெரியற நாம என்ன பண்றோம்? ஸ்லைடரை இழுக்கிறோம், வந்த நம்பரை நம்புறோம். அவராவது கேட்டார். நாம கேட்கிறதே இல்லை.

அதனால எல்லாருக்கும் மூணு விஷயம். லோன் கையெழுத்துக்கு முன்னாடி மேலே இருக்கிற கணக்கை நீங்களே போடுங்க. கேஎஃப்எஸ் கேட்டு வாங்கி, அதுல ஏபிஆர் எவ்வளவுன்னு பாருங்க. 2024 அக்டோபர் 1-லிருந்து சில்லறைக் கடன்களுக்கு அதைக் கொடுத்தே ஆகணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. வேலை மாறும்போது ஆல்ட் 5 அழுத்தி டேட் மோடுல உங்க சர்வீஸ் எத்தனை வருஷம், எத்தனை நாள்னு எண்ணிக்கோங்க.

உங்க ஆபீஸ்ல பார்வையற்ற நண்பர் இருந்தா, அவருக்காக நீங்க கணக்குப் போட்டுக் கொடுக்காதீங்க. ஆல்ட் 2 சொல்லிக் கொடுங்க. சம்பளம் அவரோடது, கணக்கும் அவரோடதா இருக்கட்டும்.