மான் இறைச்சியும் மருந்துத் துவக்கும்



கொஞ்ச நாளாக நம்ம பக்கத்தில் பல பேர் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது. "வாயால மருந்து இடிச்சுச் சுடுற துவக்கு ஒண்டு எடுத்தா லைசன் தேவையா ஸேர்? அது பழைய காலத்துச் சாமான்தானே? ஒரு மான், மரை அடிக்க அது போதுமே." கேட்பவர்களில் தோட்டம் செய்யும் நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். துவக்கு பழையதா புதியதா என்பது இங்கே கணக்கில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி இடியன் துவக்குக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கவும் வேண்டும். காட்டோரக் கிராமங்களில் தண்ணீர்க் குழாயை வைத்துச் செய்யும் கல்கட்டஸுக்கு எந்தக் கச்சேரியும் அனுமதி தராது. அதைச் செய்வதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். அந்தக் குழாய் துவக்குக்காக வார்த்ததல்ல. மருந்து கொஞ்சம் கூடினால் மானுக்கு முன்னால் சுடுகிறவனின் விரலும் கண்ணும்தான் போகும்.

சரி, லைசன் உள்ள துவக்கே கையில் இருக்கிறது என்று வையுங்கள். அப்போதும் மானைச் சுட முடியாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் புள்ளிமான், மரை, கேளையாடு, சருகுமான் எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. இறைச்சிக்காக மான் அடிக்க இன்று இந்த நாட்டில் அனுமதிப்பத்திரம் என்று ஒன்றில்லை. ஆகவே "மானுக்கு எந்தத் துவக்கு நல்லது" என்ற கேள்விக்கு இலங்கையில் பதிலே கிடையாது.

இளைஞர்கள் இங்கே யூடியூபைக் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் இடியன் துவக்கால் மான் அடிக்கிறார்களே என்கிறார்கள். உண்மைதான். அங்கே பல மாநிலங்களில் அதற்கென்றே தனிப் பருவம் உண்டு. பென்சில்வேனியாவில் கிறிஸ்மஸுக்குப் பிறகு சக்கிமுக்கிக் கல் துவக்குக்கு மட்டும் ஒரு பருவம் திறக்கிறார்கள். ஒரு வெடிக்குப் பிறகு திரும்பவும் மருந்து போட்டு, குண்டு போட்டு, இடிக்க வேண்டும். மானுக்கும் தப்ப ஒரு வாய்ப்பிருக்கிறது. ஆனால் வீடியோவில் வேட்டை மட்டும்தான் தெரியும், அதற்குப் பின்னால் நடக்கும் வேலை தெரியாது. எத்தனை மான் இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள், ஓர் ஆள் எத்தனை அடிக்கலாம் என்று வரம்பு வைக்கிறார்கள். எங்கள் சட்டம் வந்த அதே 1937இல் அவர்கள் கொண்டுவந்த ஒரு சட்டப்படி, துவக்கிலும் தோட்டாவிலும் எடுக்கும் வரி காட்டு விலங்குகளைக் காக்கப் போகிறது.

நாங்கள் 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு ஐந்து நிமிஷம் நின்று நாடு முழுக்க எண்ணினோமே, அது குரங்கையும் மயிலையும் மலை அணிலையும்தான். மான் அந்தப் பட்டியலில் இல்லை. எண்ணாத பணத்தைச் செலவழிக்கிற வீடு எப்படிப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அடுத்தது, "ஹலால்தானே ஸேர்" என்ற பேச்சு. மான் ஹலால்தான், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் இஹ்ராமில் இருப்பவருக்கு வேட்டை கூடாது, ஹரம் எல்லைக்குள் யாருக்குமே கூடாது என்று எங்கள் பிள்ளைகளுக்கு நாங்களே படிப்பிக்கிறோம். ஹலாலான வேட்டைக்கும் மூடிய காலமும் மூடிய நிலமும் உண்டு என்பது எங்களுக்குப் புதிய பாடம் இல்லை.

அதோடு, பேக்கில் சுற்றி இரவில் வீட்டுக்கு வரும் இறைச்சியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? சுட்டவன் பிஸ்மி சொன்னானா, உயிர் இருக்கும்போது அறுத்தானா, கண்ணியில் சிக்கிச் செத்ததா, அது மான்தானா? கட்டுத்துவக்கில் பட்டு விடியும்போது செத்துக் கிடந்ததென்றால் யார் பிஸ்மி சொன்னது? ஃபத்வா சொல்வது என் வேலை இல்லை. வாங்குவதற்கு முன் உங்கள் ஹஸரத்திடம் இந்தக் கேள்விகளை அப்படியே கேளுங்கள்.

என் மனதை அதிகம் உறுத்துவது இந்தக் கட்டுத்துவக்குத்தான். ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே நூல் கட்டி, முழங்கால் உயரத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த உயரத்தில் பன்றிக்கு நெஞ்சு இருக்கும், விறகுக்குப் போகும் மனிதனுக்குக் கால் இருக்கும், குறுக்கு வழியால் ஓடும் பிள்ளைக்கு வயிறு இருக்கும். லக்கலை, ரத்தோட்டை, வில்கமுவ பக்கம் நக்கிள்ஸ் காட்டையும் வஸ்கமுவவையும் ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கண்ணியும் இப்படித்தான், வருவது யாரென்று பார்க்காது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் கண்ணியில் சிக்கிச் செத்தது இந்த நாட்டில் அரிதிலும் அரிதான ஒரு கருஞ்சிறுத்தை.

விவசாயியின் கஷ்டத்தை நான் மறக்கவில்லை. ஒரு இரவில் பன்றி கிளறிப் போட்ட வயலைப் பார்த்தவன் சட்டம் பேசுகிறவனை ஏசுவான். அது நியாயம்தான். குரங்குகளைக் கட்டுப்படுத்தும் முன்னோடித் திட்டத்துக்கு 2025இல் எங்கள் மாத்தளை மாவட்டத்தைத் தெரிவு செய்ததே இங்குள்ள சேதத்துக்குச் சாட்சி. ஆனால் பயிரைத் தின்பது பன்றி, அதை நாங்கள் தின்பதில்லை. விலைக்குப் போவது மான். "பயிரைக் காக்கத்தான்" என்று சொல்லி வைக்கும் துவக்கு எந்த விலங்கைத் தேடிப் போகிறது என்பதை வைத்தே நோக்கத்தைக் கண்டுபிடிக்கலாம்.

உண்மையாகவே பயிருக்குத்தான் என்றால் நேரான வழி இருக்கிறது. காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இல்லை. தனித்தனியாக அலையாமல், விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, சேதத்தைப் படத்தோடு எழுதி, கிராம உத்தியோகத்தர், கமநல சேவை நிலையம், பொலிஸ் வழியாக மாவட்டச் செயலகத்தில் பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாவிட்டால் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

மற்றவர்களிடம் நான் கேட்பது இன்னும் சின்ன விஷயம். வாங்காதீர்கள். விருந்தில் "மரை இறைச்சி" என்று பெருமையாக வைத்தால் கை நீட்டாதீர்கள். ஒரு கிலோவுக்கு நாம் கொடுக்கும் காசுதான் அடுத்த நூலைக் கட்டுகிறது. பள்ளி நிர்வாகங்கள் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டு நிமிஷம் இதைச் சொன்னால் போதும். எங்காவது கட்டுத்துவக்கு வைத்திருப்பது தெரிந்தால், வைத்தவன் யாருடைய மச்சானாக இருந்தாலும், இன்றே கழற்றச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பொலிஸுக்குச் சொல்லுங்கள். ஒரு ஜனாஸாவுக்குப் பிறகு சொல்வதைவிட அது லேசு.