மலைக்காடும் பகாங் அரசின் கடமையும்

மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் புதிதாக ஒரு சரிவைத் திருத்துவதற்கு அனுமதி வழங்குமுன், அச்சரிவின் காட்டையும் பறவைகளையும் முறைப்படி ஆராய்ந்தவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்பது சட்டப்படி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது நமது உறுதியான நிலைப்பாடு. நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது; ஆதலால் இக்கோரிக்கையைப் பகாங் அரசின் முன்னிலையிலேயே வைக்கிறோம்.

அத்தகைய அபிப்பிராயம் வெறும் அனுதாபத்தில் பிறப்பதன்று. ஆயுட்கால உழைப்பில் விளைவது. பஞ்சாபில் பிறந்து, கனடாவின் சாஸ்கட்டூன் நகரத்தில் இனப்பெருக்கம் செய்யும் சிறு வல்லூறுகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்று, பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய நவ்ஜோத் சோதி, ஒரு பறவையின் வாழ்க்கையில் தொடங்கி ஒரு பிரதேசத்தின் விதியையே எடுத்துரைக்கும் நிலைக்கு உயர்ந்தவர். காடழிப்பு அன்றைய வேகத்திலேயே நீடித்தால், தென்கிழக்காசியா 2100க்குள் தன் ஆதிக்காடுகளில் முக்கால் பங்கையும், ஜீவராசிகளில் 42 சதவீதம் வரையிலும் இழக்கக்கூடும் என்று அவரும் சகாக்களும் 2004இல் எச்சரித்தனர். மலேசியத் தீபகற்பத்து மலைப் பறவைகள் தம் வாசஸ்தலத்தின் சிதைவால் வெகுவாகப் பாதிக்கப்படுகின்றன என்பதை 2006இல் வெளிவந்த, அவர் பங்குகொண்ட ஆய்வு புலப்படுத்தியது. 2010இல் உயிரியலாளர் பால் எர்லிக்குடன் இணைந்து தொகுத்த இயற்கைப் பாதுகாப்புப் பாடநூலை, ஏழை நாட்டு மாணவரும் இலவசமாகப் பெறுமாறு செய்த அவர், மறு ஆண்டிலேயே 49ஆம் வயதில் காலமானார்.

மலைப் பறவைகளின் பாதிப்புக்கான காரணம் எளிதில் விளங்கக்கூடியது. இத்தீபகற்பத்தின் மலைகளையன்றி உலகில் வேறெங்கும் வாழாத மலாயாச் சீகாரப் பூங்குருவி, இருள் முற்றும் பிரியுமுன் மலைச்சாலையோரம் இறங்கிப் புழு பூச்சிகளைப் பொறுக்கி, வெளிச்சம் ஏறியதும் ஓடைக்கரை நிழலுக்குள் மறைந்துவிடும் கருநீலப் பறவை. அந்நிழல் போனபின் எவ்வளவு பசுமையான தேயிலை நிரையும் அதற்குப் புகலிடம் ஆகாது. தாழ்நிலத்து வெப்பம் ஒவ்வாத இத்தகைய பறவைகளுக்கு மேலே ஏறுவதொன்றே வழி. இம்மலையின் பிரிஞ்சாங் சிகரமோ 2,000 மீட்டரைச் சற்றே கடந்ததும் முடிந்துவிடுகிறது.

பறவைக்காக மனிதன் பிழைப்பைக் கெடுப்பதா என்று கேட்பவர் உண்டு. 1929இல் போ தேயிலைத் தோட்டம் உருவான காலந்தொட்டு இம்மலையில் லயங்களில் வாழ்ந்து கொழுந்தெடுத்த தமிழ்ப் பாட்டாளிகளின் பிழைப்பை நாம் அற்பமாகக் கருதவில்லை. இருக்கும் தோட்டத்தை அழிக்கச் சொல்லவுமில்லை. ஆயினும், சரிவுகளை மொட்டையடித்துப் பயிர்களுக்கு நெகிழிக் கூரை வேய்வதால் கரைந்தோடும் மண், 1963இல் கட்டிமுடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தைத் தூர்த்துவருகிறது. மண் படிந்து அதன் கொள்ளளவு குறைந்திருந்த நிலையில், 2013 அக்டோபரில் அவ்வணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது, அணைக்குக் கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து மனித உயிர்கள் பலியாயின. பறவைக்கு நிழல் தரும் அதே மரந்தான் பள்ளத்தாக்கில் குடியிருப்பவனுக்கும் அரண் என்பதை இதற்குமேல் எவ்வாறு நிரூபிப்பது?

ஆகவே, எஞ்சிய மலைக்காடு முழுவதையும் நிரந்தரப் பாதுகாப்பு வனமாக அரசிதழில் வெளியிட வேண்டும். குறுகியகால நில உரிமம், நாளை நிச்சயமற்ற விவசாயிக்கு மரத்தைக் காக்கும் எண்ணத்தையே அளிப்பதில்லையாதலால், ஒழுங்காக நடப்பவர்களுக்கு நீண்டகாலக் குத்தகையும், ஓடைக்கரைக் காட்டைத் தொடுபவர்களுக்கு உரிம ரத்தும் வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் காட்டுத் துண்டுகளை இணைக்கும் மரவரிசைகளை வளர்ப்பதோடு, மலையின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்த பாட்டாளிகளின் பிள்ளைகளைப் பறவை ஆராய்ச்சிக்கு உபகாரச் சம்பளம் தந்து அனுப்பவும் முன்வர வேண்டும். விஞ்ஞானிகள் தங்கள் பங்கைச் செய்து முடித்துவிட்டார்கள். அவர்கள் எழுதியதைப் படித்துக் கையொப்பமிடுவது அரசின் பங்கு.